முதல் வாரத்திலேயே பாவசங்கீர்த்தனம்: திருவருகைக் காலத்துக்கு ஒரு தையற்காரியின் வழிமுறை

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குச் சற்று உள்ளே தள்ளி, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் 22 வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுப்பவர்களிடம் நான் விடாமல் சொல்வது ஒன்று உண்டு. "முந்தின நாள் வந்து வாங்காதீங்கம்மா. மூணு வாரம் முன்னாடியே வந்து போட்டுப் பாருங்க." போட்டுப் பார்த்தால்தான் கை இறுக்குகிறதா, கழுத்து இறங்குகிறதா என்று தெரியும். தெரிந்த பிறகு பிரித்துத் தைக்க நாள் வேண்டும்.

பாவசங்கீர்த்தனத்துக்கும், அதாவது செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கும், இதையேதான் சொல்வேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் பிறந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். (ஒப்புரவு அருட்சாதனம் என்பதுதான் இப்போது வழங்கும் பெயர். எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து பாவசங்கீர்த்தனம் என்றே சொல்லிப் பழக்கம். இங்கே இரண்டும் கலந்து வரும்.)

ஏன் முதல் வாரம் என்பதற்கு என் கதையைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கொக்கி வைத்து, ஹெம்மிங் செய்து கொடுக்க தோ பாயோவில் ஓர் அக்கா இருக்கிறார். ஒரு பிளவுஸுக்கு 3 வெள்ளி (டாலர்) என்பது எங்களுக்குள் பேச்சு. சில வருடங்களுக்கு முன்னால் தீபாவளி நெருக்கத்தில், வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று, "இந்த மாசம் மட்டும் 4 வெள்ளி தரேன்க்கா" என்று போனில் சொன்னேன். அவர் கண் விழித்து 140 பிளவுஸ் முடித்துக் கொடுத்தார். கணக்கு முடிக்கும்போது 420 வெள்ளிதான் கொடுத்தேன். வாடகை ஏறிவிட்டது, நூல் விலை ஏறிவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வருடம் டிசம்பர் 22ஆம் தேதிதான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சொன்னேன். ஃபாதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கொடுத்துட்டீங்களா?" இல்லை என்றேன். "எப்போ கொடுப்பீங்க?" பண்டிகைக்கு முன்னால் கொடுத்துவிடுகிறேன் என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். பாவமன்னிப்பும் கிடைத்தது; திருப்பிக் கொடுக்கும் உறுதி உண்மையாக இருந்தால் மன்னிப்பு காத்திருப்பதில்லை. ஆனால் அன்று இரவு அக்காவுக்குப் போன் செய்தால் லைன் போகவில்லை. மத்தியானமே குடும்பத்தோடு திருச்சிக்குப் புறப்பட்டுவிட்டார். நள்ளிரவுத் திருப்பலிக்கு 140 வெள்ளி உள்ள உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டே போனேன். நற்கருணை வாங்க எழுந்தபோது அந்தப் பையைப் பெஞ்சில் வைக்க மனம் வராமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு நடந்தேன்.

ஜனவரியில் அவர் திரும்பியதும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீ மறந்துட்டேன்னு நெனைச்சேன்மா" என்றார். உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கோபமே இல்லாமல் இன்னொன்றும் சொன்னார்: "டிசம்பர்லயே இருந்திருந்தா பையன் ஸ்கூல் புக்குக்கு ஆகியிருக்கும். தங்கச்சிகிட்ட வாங்கிச் சமாளிச்சேன்."

அதற்கப்புறம் நான் கடைசி வாரத்தில் போனதில்லை.

நாள் கணக்கு

நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் அது வந்துவிடும். அதனால் நமக்குக் கிடைப்பது அதிகம் போனால் 28 நாள், குறைந்தால் 22 நாள். டிசம்பர் 17 முதல் வாசகங்கள் இயேசுவின் பிறப்பை நெருங்கிவிடும். அதற்கு முன்னால் உள்ள நாட்கள்தான் வீட்டைக் கூட்டிப் பெருக்கும் நாட்கள். இங்கேயோ ஆர்ச்சர்ட் ரோட்டில் நவம்பரிலேயே விளக்குப் போட்டுவிடுகிறார்கள், பிள்ளைகளுக்கும் லீவு, பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நாள் நம் கையில் நிற்காது.

இரண்டாம் ஞாயிறு, எந்த ஆண்டு வாசகமானாலும், திருமுழுக்கு யோவான் வந்துவிடுவார். லூக்கா 3ஆம் அதிகாரத்தில் மக்கள் அவரிடம், "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறார்கள். யோவான் அவர்களை உட்கார்ந்து அழச் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவருக்குக் கொடு என்கிறார். வரி தண்டுபவரிடம், குறித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார். படைவீரரிடம், மிரட்டிப் பணம் பறிக்காதே, உன் சம்பளம் போதும் என்று இரு என்கிறார். ஆளைப் பார்த்து, அவரவர் தொழிலைப் பார்த்துப் பதில் சொல்கிறார். தையற்காரி போய்க் கேட்டிருந்தால் ஹெம்மிங் கூலியைப் பற்றித்தான் சொல்லியிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

ஆன்ம சோதனைக்கு மூன்று இரவு

செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பதுதான் ஆன்ம சோதனை. வரிசையில் நிற்கும்போது யோசித்துக்கொள்ளலாம் என்று போனால் ஒன்றும் வராது. பழக்கத்தில் "கோபப்பட்டேன், பொய் சொன்னேன், செபம் செய்யவில்லை" என்று மூன்று வரி சொல்லிவிட்டு வந்துவிடுவோம். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று இரவு ஒதுக்குங்கள். ஓர் இரவுக்கு அரை மணி நேரம் போதும்.

தொடங்கும் முன் தூய ஆவியாரை நோக்கி ஒரு சின்ன செபம். "எனக்குத் தெரியாததைக் காட்டும்" என்று உங்கள் சொந்த வார்த்தையில் கேட்டாலே போதும்.

கட்டளை வரிசைப்படி பார்ப்பது நல்ல முறைதான். ஆனால் எனக்கு முதலில் ஆட்களை வைத்துப் பார்ப்பதுதான் கைகூடுகிறது. ஒரு நாளில் யார் யாரோடு எனக்குப் பேச்சு இருக்கிறது? கணவர், மகள், மாமியார், கடைக்கு வருகிறவர்கள், எனக்கு வேலை செய்கிறவர்கள், பக்கத்துக் கடைக்காரர், எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்தார் கூடும் சிறு குழுவில்) இருப்பவர்கள். ஒவ்வொரு முகத்தையும் மனதில் நிறுத்தி, "இவருக்கு நான் என்ன செய்தேன்? செய்ய வேண்டியதில் எதை விட்டேன்?" என்று கேட்கிறேன். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மாமியார் முகத்தை வைத்து முதல் கேள்வியைக் கேட்டால் எனக்கு ஒன்றும் வருவதில்லை. இரண்டாவதைக் கேட்டால், அவர் பேச வரும்போதெல்லாம் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தது வருகிறது.

கடைக்கு வரும் ஆட்களுக்கு என்னிடம் ஆர்டர் புத்தகம் இருக்கிறது. பெயர், அளவு, கொடுக்கும் தேதி. தேதி தள்ளும்போது பழையதை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுதுவேன். ஒரு வருடம் அந்தப் புத்தகத்தையே ஆன்ம சோதனைக்கு எடுத்து வைத்துக்கொண்டு புரட்டினேன். ஒரு பக்கத்தில் ஒரே பெயருக்கு நேரே மூன்று தேதி அடிக்கப்பட்டிருந்தது. முதல் தேதியன்று அந்தத் துணியை நான் வெட்டக்கூட இல்லை. ஆனாலும் அவரிடம், "கை மட்டும்தான் பாக்கி, நாளைக்கு ரெடி" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அவர் ஜூரோங்கிலிருந்து இரண்டு தரம் வந்து வெறுங்கையோடு போனார். "பொய் சொன்னேன்" என்ற ஒரு வார்த்தைக்குள் அந்த அம்மாவின் இரண்டு ரயில் பயணம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமலே.

உங்களிடம் ஆர்டர் புத்தகம் இருக்காது. ஆனால் போன் இருக்கிறது. வாட்ஸ்அப்பைத் திறந்து கடந்த மூன்று மாதத்தை மேலே தள்ளிப் பாருங்கள். யாரைப் பற்றி யாரிடம் என்ன எழுதினோம், எந்தச் செய்தியை உண்மையா என்று பார்க்காமல் அனுப்பினோம், யாருக்குப் பதில் போடாமலே விட்டோம் என்று எல்லாம் அங்கேயே கிடக்கும். வங்கிக் கணக்கும் அப்படித்தான். எதற்குப் பணம் போயிருக்கிறது, எதற்குப் போகவில்லை என்று பார்த்தால் தெரியும்.

மூன்றாவது இரவு பத்துக் கட்டளையை எடுத்துவைத்து, விட்டுப்போனதைப் பிடிப்பேன். நம் ஆட்கள் தாண்டிப் போகும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஓய்வு நாள் ஒழுங்காகக் கொடுக்கிறோமா? அவரிடம் பேசும் குரலில் நம் மகளிடம் பேசுவோமா? வட்டிக்குக் கொடுத்து ஒருவரை நசுக்கியிருக்கிறோமா? 4டி, டோட்டோ லாட்டரியில் வீட்டுச் செலவுக்கான காசு போயிருக்கிறதா? ராத்திரி தனியாக இருக்கும்போது போனில் பார்த்தவை என்ன? ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியைக் கடைக்காகவோ தூக்கத்துக்காகவோ விட்டோமா? சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போனாலே ஞாயிறு கடமை நிறைவேறிவிடும், அதற்கும் போகாமல் விட்டோமா? அப்புறம், பெண் பார்க்கும்போதோ மாப்பிள்ளை பார்க்கும்போதோ சாதி கேட்டோமா? திருமுழுக்குத் தண்ணீர் எல்லார் தலையிலும் ஒன்றாகத்தான் விழுந்தது. கடல் தாண்டி வந்து மூன்று தலைமுறை ஆன பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இது பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவம்.

எந்தப் பாவத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும்? சாவான பாவங்கள் எல்லாவற்றையும், என்ன வகை, ஏறக்குறைய எத்தனை முறை என்பதோடு சொல்ல வேண்டும். விஷயம் கனமானதாக இருந்து, அது கனமானது என்று தெரிந்திருந்து, முழு மனதோடு செய்தால் அது சாவான பாவம். மூன்றும் சேர வேண்டும். எண்ணிக்கை சரியாகத் தெரியாவிட்டால் "ஆறு மாதமாக, வாரத்துக்கு ஒருமுறை போல" என்றால் போதும். அற்பப் பாவங்களைச் சொல்வது கட்டாயம் இல்லை, ஆனால் திருச்சபை அதை மிகவும் ஊக்குவிக்கிறது. எனக்கு அதனால் நிறையப் பலன் கிடைத்திருக்கிறது.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். அடுத்தவர் பெயர் எழுத வேண்டாம்; காகிதம் எங்காவது விழுந்துவிட்டால் அவருக்கு அவமானம். போனில் குறித்தால் வெளியே வந்ததும் அழித்துவிடுங்கள்.

இன்னொன்று. போன வருடம் சொல்லி மன்னிப்புப் பெற்ற பாவத்தை இந்த வருடமும் எழுதாதீர்கள். திரும்பவும் செய்திருந்தால் எழுதலாம். நினைத்தால் இன்னும் குத்துகிறதே என்பதற்காக எழுத வேண்டாம். அது போய்விட்டது.

வருத்தம் வரவில்லையே என்பவர்களுக்கு

கண்ணீர் வராவிட்டால் மனஸ்தாபம் இல்லை என்று நினைத்துப் பலர் நின்றுவிடுகிறார்கள். மனஸ்தாபம் என்பது செய்ததை வெறுத்து, இனிச் செய்வதில்லை என்று மனம் எடுக்கும் முடிவு. ஆண்டவர் மேலுள்ள அன்பினாலேயே வருந்தினால் அது உத்தம மனஸ்தாபம். பாவத்தின் அசிங்கத்தையும் தண்டனையையும் நினைத்து வருந்துவது அதற்குக் கீழ்ப்பட்டதுதான், ஆனாலும் இந்த அருட்சாதனத்துக்கு அது போதும். எனக்கு வருத்தம் வராத நாளில் பாடுபட்ட சுரூபத்தின் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தின்) முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். எதையும் கேட்க மாட்டேன், பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கே, எப்போது

திருவருகைக் காலத்தில் சிங்கப்பூர்ப் பங்குகளில் முறைவைத்து ஒப்புரவு வழிபாடு நடக்கும். பெனிடென்ஷியல் சர்வீஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். பல குருக்கள் ஒரே மாலையில் வந்து உட்காருவார்கள். அட்டவணையை மறைமாவட்டம் வெளியிடும், பங்கு அறிக்கையிலும் வரும். அதில் முதல் வாரத்தில் வருவதைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் சொந்தப் பங்காக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இல்லையென்றால் பங்கு அலுவலகத்துக்குப் போன் செய்து, திருப்பலிக்கு முன்னால் எந்த நாளில் ஃபாதர் உட்காருவார் என்று கேளுங்கள். நேரம் வேண்டும் என்று சொன்னால் தனியாகவும் ஒதுக்கித் தருவார்கள். நிறையச் சொல்ல வேண்டியவர்களுக்கு அதுதான் நல்லது. பின்னால் நீள வரிசை நிற்கும் இடத்தில் அவசரம் ஒட்டிக்கொள்ளும்.

தமிழில் சொல்ல விரும்புகிறவர்களுக்கு ஓஃபிர் ரோட்டு லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. 1870இல் கட்டிய குயின் ஸ்திரீட் புனித பேதுரு பவுல் ஆலயத்துக்குச் சீனக் கத்தோலிக்கரோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்த நம் ஆட்களுக்கென்று 1888இல் எழுந்த கோயில் அது. 2005 முதல் தேசிய நினைவுச் சின்னம். பிரான்சில் உள்ள லூர்து பேராலயத்தின் சாயலில் கட்டிய வெள்ளைக் கோபுரத்தைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். தமிழ் பேசும் குருக்கள் வேறு பங்குகளிலும் இருக்கிறார்கள். மொழியில் பிடிவாதம் வேண்டாம் என்பவர்கள் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஆனால் கோபத்தில் எந்த மொழியில் பேசினோமோ அந்த மொழியில் பாவத்தைச் சொல்லும்போது மறைக்க இடம் இருப்பதில்லை. என் அனுபவம் அது.

உள்ளே போனதும்

திரைக்குப் பின்னால் முழங்கால் போடலாம், எதிரில் உட்கார்ந்தும் பேசலாம். எது எளிதோ அது. சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, "என்னை ஆசீர்வதியும் ஃபாதர், நான் பாவி. கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து இத்தனை மாதம் ஆகிறது" என்று தொடங்குங்கள். நீங்கள் யார் என்பதை ஒரு வரியில் சொன்னால் ஃபாதருக்கு உதவியாக இருக்கும்: திருமணமானவர், கடை வைத்திருக்கிறேன், அவ்வளவு போதும். பெயர் வேண்டாம்.

பிறகு நேராகப் பாவத்துக்கு வந்துவிடுங்கள், பெரியதை முதலில். கடைசிக்கு வைத்தால் தைரியம் கரைந்துவிடும்.

கதை சொல்லாமல் சொல்லிப் பழக வேண்டும். "எங்க நாத்தனார் எப்பவுமே இப்படித்தான் ஃபாதர், அன்னிக்கு விசேஷத்துல எல்லார் முன்னாடியும் என்னை..." என்று நான் தொடங்குவேன். அங்கே பாவசங்கீர்த்தனம் செய்வது நாத்தனார் ஆகிவிடுகிறார். இப்போது, "கணவரின் தங்கையைப் பற்றி இரண்டு பேரிடம் குறை பேசினேன், அதில் ஒன்று பொய்" என்கிறேன். பத்து வார்த்தைக்குள் முடிந்துவிடும். சொல்லும்போது தொண்டை அடைக்கத்தான் செய்யும். அடைத்தாலும் சொல்லி முடியுங்கள்.

எப்படிச் சொல்வது என்று தெரியாத பாவம் இருந்தால், "ஒன்று இருக்கிறது ஃபாதர், சொல்ல வரவில்லை, கேள்வி கேளுங்கள்" என்று சொல்லலாம். கேட்பார்கள். எந்தப் பாவத்தைக் கேட்டும் அதிர்ந்துபோக மாட்டார்கள். கருக்கலைப்பை மனதில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஒதுங்கியிருக்கும் பெண்கள் இதைக் கேளுங்கள்: 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நீட்டித்துக் கொடுத்திருக்கிறார். ஆயரிடம் போக வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஃபாதரிடம் போங்கள். உங்களுக்காக நான் செபிக்கிறேன்.

கேட்டதை ஃபாதர் எவரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் சொல்ல முடியாது. திருச்சபைச் சட்டம் 983 அந்த இரகசிய முத்திரையை மீற முடியாதது என்கிறது. நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபை உறவிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகிறார். பங்குச் சபைக் கூட்டத்தில் ஃபாதர் என்னை எப்படிப் பார்ப்பாரோ என்ற கவலை சிங்கப்பூர் மாதிரிச் சின்ன இடத்தில் இயல்புதான். கவலை போகாவிட்டால் வேறு பங்குக்குப் போங்கள். அதில் தவறே இல்லை.

முடித்ததும், "இவற்றுக்காகவும், நான் மறந்துபோன பாவங்களுக்காகவும் மனம் வருந்துகிறேன்" என்று சொல்லுங்கள். ஃபாதர் கொஞ்சம் பேசுவார், அபராதம் (பரிகாரமாக ஒரு செபமோ நற்செயலோ) கொடுப்பார், மனஸ்தாப செபம் சொல்லச் சொல்வார். பிறகு கை நீட்டி பாவமன்னிப்பு வழங்குவார். அந்த நேரத்தில் வேறு எதையும் யோசிக்காமல் ஒவ்வொரு சொல்லாகக் கேளுங்கள்.

வெகுகாலம் போகாதவர்களுக்கு

கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பேண்ட் நீளம் குறைக்க வந்தார். கழுத்தில் செபமாலை போட்டிருந்ததைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தேன். ஊரில் நவநாள், தேர் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் பையனாம். பாவசங்கீர்த்தனம் செய்து பதினோரு வருடம் ஆகிறது என்றார். ஏன் என்று கேட்டேன். வெகுநேரம் இன்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றார். "செபம் மறந்துபோச்சுக்கா. உள்ள போய் முழிச்சா அசிங்கமாயிடும்."

அம்மா எங்களுக்குக் கற்றுக்கொடுத்த 'சர்வேசுரா சுவாமி' என்று தொடங்கும் மனஸ்தாப மந்திரம் நீளமானது. இப்போது சொல்வது சின்னது. பில் பின்னால் எழுதிக் கொடுத்தேன்: "என் இறைவா, நன்மை நிறைந்தவர் நீர். எல்லாவற்றுக்கும் மேலாக உம்மை நான் அன்பு செய்கிறேன். என் பாவங்களால் உமது அன்பை மறந்ததற்காக மனம் வருந்துகிறேன். உமது அருளுதவியால் இனிமேல் பாவம் செய்வதில்லை என்று உறுதி கூறுகிறேன். ஆமென்." தாளைப் பார்த்துப் படிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றேன். அடுத்த ஞாயிறு அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றதைப் பார்த்தேன்.

முறை தெரியாது, செபம் மறந்துவிட்டது, எத்தனை வருடம் என்றே தெரியாது, எதுவானாலும் "ஃபாதர், ரொம்ப நாள் ஆச்சு, கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க" என்ற ஒரு வரி போதும். சாவான பாவத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுச்சங்கம் வகுத்த கடமை, இன்றும் இருக்கிறது. பத்து வருடம் விட்டுவிட்டவருக்கும் வழி அதேதான். பதிவுத் திருமணத்தோடு நின்றுவிட்டவர்கள், இரண்டாவது திருமணம் செய்தவர்கள் முதலில் ஃபாதரோடு நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். அவரவர் நிலைக்கு ஏற்ப வழி சொல்வார். ஒதுங்கி மட்டும் இருக்காதீர்கள்.

வெளியே வந்த பிறகு

அபராதமாகக் கொடுத்த செபத்தைக் கோயிலை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். பாவம் எழுதிய தாளைக் கிழித்துப் போடுங்கள். பிறகு புதிதாக இன்னொரு தாள் எடுங்கள். இதில் சரிசெய்ய வேண்டியவை மட்டும். ஒவ்வொன்றுக்கும் நேரே, நான் ஆர்டர் புத்தகத்தில் போடுவதுபோல, கொடுக்கும் தேதி. முதல் வாரத்தில் போகச் சொன்னது இந்தத் தாளுக்காகத்தான்.

பணமும் பொருளும் முதலில். யாருடையதோ அவருக்கே போக வேண்டும். கோயில் உண்டியலில் போட்டு அதற்குச் சமன்செய்ய முடியாது. நற்செய்தியில் வரும் வரி தண்டுபவர் சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். நாம் வாங்கியதையாவது திருப்புவோம்.

தையற்காரர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வெட்டியது போக மிஞ்சும் துணியைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது. கேட்டால் "மிஞ்சலையே" என்போம். என் அலமாரியில் இரண்டு பை நிறைய இருந்தது. ஒரு திருவருகைக் காலத்தில் இதைச் சொன்னேன். அந்த வாரமே இரண்டு பையையும் வெட்டும் மேசையில் கொட்டிப் பிரித்தேன். யாருடையது என்று அடையாளம் தெரிந்தவை மூன்று. மூன்று பேருக்கும் போன் செய்து, "உங்க துணி மிஞ்சினது என்கிட்ட இருக்கு. இல்லைன்னு சொன்னது பொய். மன்னிச்சிடுங்க" என்றேன். ஒருவர் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒருவர் போனை வைத்துவிட்டார். மூன்றாமவர் அன்று மாலையே வந்தார். கடுகு நிறக் காஞ்சிபுரப் பட்டு, அரக்குக் கரை, அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவருடைய இறந்துபோன அம்மாவின் புடவையை வெட்டித்தான் பிளவுஸ் தைத்திருக்கிறார். அது எனக்கு அன்றுதான் தெரியும். துணியை வாங்கி, கரையை விரலால் ஒரு தரம் நீவிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார். என்னைத் திட்டவில்லை. "நன்றிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று அதற்கு மேல் தைக்கவில்லை.

யாருடையது என்று தெரியாதவற்றை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார் ஃபாதர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டையாகத் தைத்து ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் கொடுத்தேன்.

பேச்சால் வந்த கெடுதலைச் சரிசெய்வது இதைவிடக் கடினம். யாரிடம் பொய்யாகச் சொன்னோமோ அவரிடமே திரும்பிப் போய், "நான் அன்னிக்குச் சொன்னது உண்மை இல்லை" என்று சொல்ல வேண்டும். சொன்னது உண்மையாகவே இருந்து, வெளியே சொல்லியிருக்கக் கூடாததாக இருந்தால், அதைத் திரும்ப எடுக்க முடியாது. அவரைப் பற்றிய நல்லதை அதே ஆளிடம் சொல்லுங்கள்.

பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தக்காரருக்குச் செய்தி அனுப்பும்போது, "நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க" என்று எழுதி அங்கேயே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு "ஆனா" என்று ஒரு வார்த்தை வந்துவிடும், அதை அழித்துவிட்டு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம். உங்களை அடித்தவர், கெடுத்தவர் என்றால் அவரைத் தேடிப் போக வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஃபாதரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

டிசம்பர் 17 அன்று அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அடிக்காமல் எது நிற்கிறதோ அதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இடையில் பழைய குழியிலேயே விழுந்திருந்தால் மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். கடைசி வார வரிசை அதற்கு உதவும்.

இந்த வருடம் முதல் வாரத்துச் சனிக்கிழமை என் கடை மத்தியானம் மூன்று மணிக்கு மூடும். ஃபாதர் உட்காரும் நேரத்தை அலுவலகத்தில் முன்னாலேயே கேட்டு வைத்துவிடுவேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்பவர்கள் கடைக்கு வந்துவிடுங்கள், சேர்ந்து போகலாம். ரோச்சோர் கால்வாய்ப் பக்கமாக நடந்தால் கால் மணி நேரம்தான். மழைக் காலம், குடை கொண்டுவாருங்கள். செபம் எழுதிய தாள் என்னிடம் இருக்கும்.